பழைய பிக்கப்புக்குக் கூலண்ட் டப்பா மாற்ற வேண்டும், எதை வாங்குவது?

பழையவண்டிப்பிரியன்:

வணக்கம். என்னிடம் இருப்பது 1993 மாடல் டீசல் பிக்கப். அதன் கூலண்ட் ஓவர்ஃப்ளோ டப்பா (என்ஜினைக் குளிர்விக்கும் திரவம் ரேடியேட்டரிலிருந்து வழிந்தால் பிடித்து வைப்பது) கதை முடிந்துவிட்டது. ஒரு காலத்தில் வெள்ளையாக இருந்திருக்கும் போல, இப்போது பழுப்பேறி உள்ளே எவ்வளவு இருக்கிறது என்றே தெரிவதில்லை, டார்ச் அடித்தாலும் பயனில்லை, குச்சி விட்டுத்தான் அளவு பார்க்கிறேன். போன வாரம் பேட்டரியைக் கழற்றும்போது லேசாகக் கை பட்டதற்கே போல்ட் மாட்டும் காதோரம் சடக்கென்று விரிசல் விட்டது. எபாக்ஸி பூசிப் பார்த்தேன். இரண்டே நாளில் ஸ்டிக்கர் உரிவது போல முழுசாக உரிந்து கையோடு வந்துவிட்டது.

கம்பெனி டப்பா தயாரிப்பதை நிறுத்திப் பல வருடங்கள் ஆகிவிட்டன. இப்போது என் முன்னால் மூன்று வழி இருக்கிறது. இதே மாடலுக்கு என்று வெளிக் கம்பெனிகள் செய்யும் பிளாஸ்டிக் டப்பா, எல்லா வண்டிக்கும் பொருந்தும் என்று விற்கிற அலுமினிய டப்பா (பார்க்க அழகாக இருக்கிறது, அது வேறு விஷயம்), இல்லையென்றால் உடைக்கப் போட்ட வண்டியிலிருந்து கழற்றிய பழைய டப்பா. எதை எடுக்கலாம்?

இன்னொன்று, சம்பந்தம் உண்டா தெரியவில்லை. ஓட்டிவிட்டு வந்தால் டப்பா ஏறக்குறைய நிறைந்திருக்கிறது. மறுநாள் காலையில் குச்சி விட்டுப் பார்த்தாலும் அதே அளவுதான். ஆனால் ரேடியேட்டர் மூடியைத் திறந்தால் கழுத்துக்கு இரண்டு விரல் கீழே கிடக்கிறது. டப்பா சின்னதாக இருப்பதால் இப்படியோ, பெரிதாக ஒன்று போட்டால் சரியாகிவிடுமோ என்றும் ஒரு யோசனை.

ஸ்பானர்செட்:

எதையும் வாங்குவதற்கு முன் ஒரு கேள்வி. பிரஷர் மூடி எங்கே இருக்கிறது, ரேடியேட்டர் மேலா, டப்பா மேலா? அது தெரியாமல் யார் என்ன சொன்னாலும் நம்பாதீர்கள், நான் சொன்னாலும் சேர்த்துத்தான்.

பழையவண்டிப்பிரியன்:

ரேடியேட்டர் மேல். இரும்பு மூடி, 0.9 என்று எழுதியிருக்கிறது. டப்பாவின் மூடி வெறும் பிளாஸ்டிக், அழுத்தினால் உட்காரும். ரேடியேட்டர் கழுத்திலிருந்து வருகிற சின்ன ஹோஸ் அந்த மூடி வழியாகத்தான் உள்ளே போகிறது.

ஆறியபின்திற:

அப்படியென்றால் உங்களுடையது பிரஷர் இல்லாத டப்பா. நல்லது, வேலை சுலபம். பிரஷர் மூடி டப்பா மேலேயே இருந்திருந்தால் அது வேறு ஜாதி. அந்த டப்பாவுக்குள்ளும் ரேடியேட்டரில் இருக்கிற அதே அழுத்தம் இருக்கும், சுவர் தடிமனாக இருக்கும், என்ஜின் தண்ணீர்ப் பாதை முழுவதற்கும் மேலான உயரத்தில் உட்காரும். அதற்குப் பதிலாக மெல்லிய டப்பாவை மாட்டினால் ஒரு நாள் வெடித்துக் கொதிக்கிற கூலண்ட் பானெட்டுக்குள் மழையாகப் பெய்யும். உங்களுக்கு அந்தக் கவலை இல்லை, உங்கள் டப்பாவுக்கு ஒரே வேலை, வருவதை வாங்கி வைத்துக்கொண்டு கேட்கும்போது திருப்பிக் கொடுப்பது.

சரி, இப்போது நீங்கள் கடைசியில் 'சம்பந்தம் உண்டா தெரியவில்லை' என்று எழுதினீர்களே, எனக்கு அதுதான் முதல் விஷயமாகத் தெரிகிறது. டப்பா வாங்கி வைத்துக்கொள்ளுங்கள், ஆனால் அந்தக் கோளாறு டப்பாவால் வந்தது இல்லை.

மூடிக்குள் இரண்டு வால்வு இருக்கிறது. பெரிய ஸ்பிரிங் போட்டது ஒன்று. கூலண்ட் சூடாகி விரியும்போது அழுத்தம் மூடியில் எழுதியிருக்கிற 0.9 பாரைத் தாண்டினால் (பார் என்பது அழுத்தத்தின் அளவு, பிஎஸ்ஐ கணக்கில் 13 என்று வைத்துக்கொள்ளுங்கள்) அது மேலே எழும்பி, அதிகமானதைச் சின்ன ஹோஸ் வழியாக டப்பாவுக்கு அனுப்பும். அதன் நடுவில் பொத்தான் மாதிரி ஒரு குட்டி வால்வு உண்டு. என்ஜின் ஆறும்போது கூலண்ட் சுருங்கும், உள்ளே வெற்றிடம் உண்டாகும், அந்தக் குட்டி வால்வு கீழே இறங்கி டப்பாவிலிருந்து திரும்ப உறிஞ்சிக்கொள்ளும். உங்கள் வண்டியில் போகிறது, வரவில்லை. அதாவது உறிஞ்சுகிற பாதியில்தான் எங்கோ கோளாறு. எத்தனை பெரிய டப்பா போட்டாலும் இது மாறாது. இன்னும் அதிகமாக வெளியே தள்ளி வைத்துக்கொள்ளும், அவ்வளவுதான்.

பார்க்க வேண்டியவை. ராத்திரி வண்டியை நிறுத்தி, காலையில் ஆறின பிறகு ரேடியேட்டரின் மேல் ஹோஸைப் பாருங்கள். சப்பையாக ஒட்டிப்போயிருந்தால் உள்ளே வெற்றிடம் இருக்கிறது, ஆனால் டப்பாவிலிருந்து வரவில்லை என்று அர்த்தம்: குட்டி வால்வு ஒட்டிக்கொண்டிருக்கிறது, அல்லது சின்ன ஹோஸ் அடைத்திருக்கிறது. மேல் ஹோஸ் சாதாரணமாக உருண்டையாகவே இருந்து ரேடியேட்டர் மட்டும் குறைந்திருந்தால், கூலண்டுக்குப் பதிலாகக் காற்றை உறிஞ்சுகிறது. சின்ன ஹோஸில் கண்ணுக்குத் தெரியாத வெடிப்பு இருந்தாலே போதும். அழுத்தம் வரும்போது அதில் ஒழுகுவதுகூடத் தெரியாது, உறிஞ்சும்போது மட்டும் காற்று உள்ளே போகும். அல்லது மூடியின் மேல் வாசர் தேய்ந்திருக்கும். இந்த மேல் வாசரைப் பற்றி நிறைய பேருக்குத் தெரியாது. மூடியைத் திருப்பிப் பார்த்தால் கீழே ஒரு ரப்பர் இருக்கும், அது அழுத்தத்துக்கு. மேலே தகட்டை ஒட்டி இன்னொரு ரப்பர் இருக்க வேண்டும், அதுதான் வெளிக்காற்றை மறிப்பது. டப்பாவே இல்லாத மிகப் பழைய வண்டிகளுக்கு வந்த மூடிகளில் மேல் ரப்பர் இருக்காது. யாராவது அந்த மாதிரி மூடியை உங்கள் வண்டியில் போட்டிருந்தால் இதே கதைதான் நடக்கும்.

இவை எல்லாம் சரியாக இருந்து, என்ஜின் ஓடும்போது டப்பாவுக்குள் குமிழி நிற்காமல் வந்துகொண்டே இருந்தால், அது ஹெட் கேஸ்கெட் (என்ஜின் ஹெட்டுக்கும் பிளாக்குக்கும் நடுவே கசியாமல் அடைக்கிற தகடு) போயிருப்பதன் அடையாளம். அப்போது டப்பாவைப் பற்றிய பேச்சை ஒத்திவைத்துவிட்டு வேறு பேச வேண்டும். ஆனால் முதலிலேயே அங்கே போய்ப் பயப்படாதீர்கள், பத்தில் ஒன்பது தடவை மூடி அல்லது ஹோஸ்தான்.

என் பெயரில் இருப்பதைத் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை என்று நினைக்கிறேன். சூடாக இருக்கும்போது மூடியில் கை வைக்காதீர்கள். என் இடது முன்கையில் அதற்கு ஒரு தழும்பு இருக்கிறது.

கரிப்புகை:

எதற்கு இவ்வளவு பேச்சு, ஒரு லிட்டர் தண்ணீர் பாட்டிலை மூடியில் ஓட்டை போட்டுக் கம்பியால் கட்டிவிட்டால் போச்சு. நான் மூன்று மாதம் ஓட்டியிருக்கிறேன்.

ஸ்பானர்செட்:

மூன்று மாதத்துக்குப் பிறகு என்ன ஆயிற்று என்பதையும் சொல்லுங்கள்.

கரிப்புகை:

சுருங்கிப் பிதுங்கிவிட்டது. ஆனால் மூன்று மாதம் ஓடியது.

ஆறியபின்திற:

சுருங்காமல் என்ன செய்யும். தண்ணீர் பாட்டில் பிளாஸ்டிக் 70 டிகிரி வாக்கில் இளக ஆரம்பித்துவிடும். ரேடியேட்டரிலிருந்து வழிந்து வருவது அதைவிடச் சூடு. நடுவழியில் டப்பா உடைந்து வீடு போய்ச் சேர வேண்டுமென்றால் செய்யலாம், நானும் செய்திருக்கிறேன். அதற்கு மேல் வேண்டாம்.

அலுமினியம்தாசன்:

என் கட்சி உங்களுக்கே தெரியும். ஆறு வருடமாக அலுமினிய டப்பாதான், மஞ்சளாகாது, கை பட்டால் உடையாது. ஆனால் பிடித்தது என்பதற்காகப் பொய் சொல்ல மாட்டேன், வாங்குவதற்கு முன் நான் கவனிக்காமல் விட்டு அப்புறம் அவதிப்பட்டதைச் சொல்கிறேன்.

முதலில், உள்ளே எவ்வளவு இருக்கிறது என்று தெரியாது. பக்கத்தில் அளவு பார்க்கிற குழாய் வைத்தது கிடைக்கும், அதை வாங்குங்கள், இல்லையென்றால் இப்போது போலவே குச்சிதான். இரண்டாவது, இதுதான் முக்கியம், 'எல்லா வண்டிக்கும்' என்று வருகிற பல டப்பாக்களில் ஹோஸ் மாட்டும் மூக்கு மேல் பக்கத்தில் இருக்கும், உள்ளே அடிவரைக்கும் போகிற குழாய் இருக்காது. பந்தய வண்டிக்கு அது போதும், அங்கே வழிவதைப் பிடித்து வைப்பதுதான் நோக்கம், திரும்ப அனுப்புவது இல்லை. நம் வண்டிக்கு அது ஆகாது. கூலண்ட் மேலே விழும், ஆறும்போது மேலே இருக்கிற காற்றைத்தான் உறிஞ்சும். பாட்டிலில் ஸ்ட்ராவைப் பாதியில் வைத்து உறிஞ்சிப் பாருங்கள், புரியும். எனக்கு முதலில் வந்தது இப்படிப்பட்டதுதான். இரண்டு வாரம் ரேடியேட்டர் குறைந்துகொண்டே இருந்தது, நான் வாட்டர் பம்ப்பைச் சந்தேகித்துக்கொண்டிருந்தேன், பிறகுதான் பல்ப் எரிந்தது. மூக்கு அடியில் இருக்கிறதா, இல்லை மேலிருந்து அடி வரை குழாய் போகிறதா என்று பார்த்துவிட்டு வாங்குங்கள்.

மூன்றாவது, டீசல் அதிர்வு. டப்பாவின் காதுகளை நேராக இரும்பில் போல்ட் போட்டு இறுக்கினால் வெல்டிங் ஓரத்தில் கீறல் விடும். ரப்பர் புஷ் கொடுத்து மாட்டுங்கள்.

உடைசல்கடைவாசி:

பழைய டப்பா பற்றிச் சொல்ல நான் இருக்கிறேன், வாரம் ஒரு தடவையாவது உடைசல் வண்டிகளுக்குள் தலையை விட்டுக்கொண்டு நிற்பவன். 1993 வண்டியின் டப்பாவுக்கு 1993 டப்பாவையே எடுத்தால் நீங்கள் வாங்குவது அதே வயசான கிழவனைத்தான். அதுவும் அத்தனை வருடம் சூட்டில் வெந்திருக்கும். வாங்கியே ஆக வேண்டுமென்றால் கழற்றுவதற்கு முன்னாலேயே இரண்டு பக்கமும் கட்டைவிரலால் அழுத்திப் பாருங்கள், வளைந்து கொடுத்தால் உயிர் இருக்கிறது, முறுக்கு மாதிரி நொறுநொறு என்று சத்தம் வந்தால் விட்டுவிடுங்கள். மூலைகளிலும் காதுகளைச் சுற்றியும் வெள்ளைக் கோடு ஓடுகிறதா என்று பாருங்கள், விரிசல் அங்கேதான் ஆரம்பிக்கும். வெயில் படாத பக்கமாகப் பொருத்தப்பட்ட டப்பா சில சமயம் ஆச்சரியமாக நன்றாக இருக்கும்.

உங்கள் எபாக்ஸி ஏன் உரிந்தது என்றால், இந்த டப்பாக்கள் பெரும்பாலும் பாலிஎத்திலீன் அல்லது பாலிப்ரொப்பிலீன், அதில் சாதாரணப் பசை எதுவும் சரியாகப் பிடிக்காது. அடியைத் திருப்பிப் பாருங்கள், அம்புக்குறிகளுக்கு நடுவே பிளாஸ்டிக்கின் சுருக்கப் பெயர் அச்சாகியிருந்தாலும் இருக்கும், உங்கள் வருடத்து வண்டியில் இல்லாமலும் போகலாம். அதே பிளாஸ்டிக் கம்பியை வைத்து உருக்கி ஒட்டினால் பிடிக்கும், பிரஷர் இல்லாத டப்பா என்பதால் தாங்கவும் தாங்கும். ஆனால் ஏற்கெனவே நொறுங்குகிற நிலைக்கு வந்த பிளாஸ்டிக்கில் ஒட்டினால் ஒட்டுக்குப் பக்கத்தில் உடையும். அந்தப் பாவத்தை நான் செய்திருக்கிறேன், இரண்டு தடவை.

அப்புறம், வெளிக் கம்பெனி டப்பா வாங்கினால் ஒன்றைக் கவனியுங்கள். சில பிக்கப்புகளில் கண்ணாடி துடைக்கிற தண்ணீரும் கூலண்டும் ஒரே டப்பாவில், நடுவில் ஒரு தடுப்புச் சுவருடன் வரும். ஒரே வருடத்தில், ஒரே வண்டியில்கூட என்ஜினைப் பொறுத்து டப்பா மாறும். வருடத்தை மட்டும் சொல்லி வாங்காதீர்கள். உங்கள் டப்பாவின் மேல் உள்ள பார்ட் எண், அது இல்லையென்றால் காதுகளுக்கு இடையே உள்ள தூரம், ஹோஸ் மூக்கின் விட்டம், பேட்டரி பக்கம் பள்ளம் விட்டிருக்கிறதா என்பது, இதையெல்லாம் அளந்து வைத்துக்கொண்டு படத்தோடு ஒப்பிடுங்கள்.

பழையவண்டிப்பிரியன்:

எல்லோருக்கும் நன்றி. இவ்வளவு விஷயம் இருக்கும் என்று நினைக்கவில்லை. அலுமினியத்தில் அடிவரை குழாய் வைத்ததும் கிடைக்கிறது என்று பார்த்தேன், ஆனால் அது அரை லிட்டர். அது போதுமா? மேனுவலில் மொத்தக் கூலண்ட் 9 லிட்டர் என்று போட்டிருக்கிறது.

ஆறியபின்திற:

கணக்குப் போட்டுப் பார்த்துவிடலாம். கூலண்டும் தண்ணீரும் பாதிக்குப் பாதி கலந்தது, அறைச் சூட்டிலிருந்து என்ஜின் வேலை செய்யும் சூட்டுக்குப் போகும்போது சுமார் 5 சதவீதம் விரியும். வெறும் தண்ணீர் என்றால் 4 சதவீதத்துக்குச் சற்றுக் குறைவு. உங்கள் 9 லிட்டரில் 5 சதவீதம் என்றால் 450 மில்லி. ஆறியிருக்கும்போதும் ஹோஸ் முனை கூலண்டுக்குள் மூழ்கியிருக்க வேண்டும், அதனால் அடியில் எப்போதும் கொஞ்சம் மிச்சம் வேண்டும், 300 மில்லி என்று வைத்துக்கொள்ளுங்கள். இரண்டும் சேர்ந்தாலே முக்கால் லிட்டர், மேலே கொஞ்சம் காலி இடமும் விட வேண்டும். அரை லிட்டர் டப்பா மலையேறும் நாளில் வழிந்து கொட்டிவிடும், அப்புறம் ஆறும்போது உறிஞ்ச ஒன்றும் இருக்காது. ஒரு லிட்டருக்குக் குறையாமல் பாருங்கள், இடம் இருந்தால் ஒன்றரை.

கொட்டுவது என்றதும் ஞாபகம் வந்தது. எத்திலீன் கிளைக்கால் கூலண்ட் இனிப்பாக இருக்கும், நாய் பூனை நக்கிவிடும், கொஞ்சம் உள்ளே போனாலே சிறுநீரகம் போய்விடும். பழையதைக் கழற்றும்போது கீழே ஒரு தட்டு வையுங்கள், சிந்தியதைக் கழுவிவிடுங்கள்.

அலுமினியம்தாசன்:

9 லிட்டர் என்றால் நானே சொல்கிறேன், அந்த அரை லிட்டரை விடுங்கள். உங்கள் பானெட்டுக்குள் ஒன்றரை லிட்டர் உருளை நிற்க இடம் இருக்குமா என்பதும் சந்தேகம். எக்ஸாஸ்ட் பக்கமோ, ஃபேன் பக்கமோ போகாமல், பானெட் மூடினால் இடிக்காமல் வைக்க வேண்டும். ரேடியேட்டர் மூடியைவிடத் தாழ்வாக வைத்தாலும் உங்கள் வகையில் பிரச்சினை இல்லை, வெற்றிடம் இழுத்துக்கொள்ளும். ஆனாலும் கம்பெனி வடிவத்தில் வருகிற பிளாஸ்டிக் டப்பா பழைய துளைகளிலேயே உட்கார்ந்துவிடும், இதற்காகப் புதிதாகத் துளை போட வேண்டியதில்லை.

ஸ்பானர்செட்:

தாசனே பிளாஸ்டிக் வாங்கச் சொல்கிறார், இந்த நாளைக் குறித்து வைத்துக்கொள்ளுங்கள்.

ஒரு விஷயம் சேர்க்கிறேன். டப்பா மாற்றும் சாக்கில் கையில் கிடைக்கிற நிறத்தில் கூலண்டை ஊற்றி நிரப்பாதீர்கள். பச்சை என்றால் இது, ஆரஞ்சு என்றால் அது என்று ஊரெல்லாம் சொல்வார்கள், ஆனால் நிறத்துக்குப் பொது விதி எதுவும் கிடையாது, ஒவ்வொரு கம்பெனியும் தன் இஷ்டத்துக்குச் சாயம் போடுகிறது. உங்கள் வருடத்து வண்டிக்கு முதலில் வந்தது பெரும்பாலும் பழைய வகை, இரண்டு வருடத்துக்கு ஒரு முறை மாற்றுவது. இப்போது உள்ளே இருப்பது என்ன என்று தெரியாவிட்டால், முழுவதும் வடித்து, காய்ச்சி வடித்த தண்ணீர் விட்டு அலசி, மேனுவலில் சொன்ன வகையை நிரப்பிவிடுங்கள். ஒன்றோடொன்று சேராத வகைகளைக் கலந்தால் துரு தடுக்கிற மருந்தின் ஆயுள் குறையும், சிலது கூழாகிவிடும். அந்தக் கூழ் முதலில் போய் அடைப்பது எதை என்று நினைக்கிறீர்கள்? அந்தச் சின்ன ஹோஸைத்தான்.

பழையவண்டிப்பிரியன்:

பத்து நாள் கழித்து வருகிறேன், என்ன நடந்தது என்று சொல்லாமல் போனால் நன்றாக இருக்காது.

முதலில் மேல் ஹோஸைப் பார்த்தேன், மூன்று நாள் காலையிலும் உருண்டையாகவே இருந்தது, அதாவது காற்று உள்ளே போகிறது. சின்ன ஹோஸைக் கழற்றி ஒரு முனையை விரலால் மூடி, தண்ணீர் வாளிக்குள் வைத்து ஊதினேன். கிளாம்ப் உட்காரும் இடத்துக்குக் கீழே வரிசையாகக் குமிழி. வெளியிலிருந்து பார்த்தால் அப்படி ஒரு வெடிப்பு இருப்பதே தெரியாது, வளைத்தால்தான் வாய் பிளக்கிறது. மூடியைத் திருப்பிப் பார்த்தால் மேல் ரப்பர் இருக்கிறது, ஆனால் தகடு போல இறுகிப்போய் நகத்தால் சுரண்டினால் பொடியாக வந்தது. இரண்டையும் மாற்றினேன்.

டப்பா, வெளிக் கம்பெனி பிளாஸ்டிக்தான் வாங்கினேன். துளைகள் சரியாகப் பொருந்தின, ஆனால் மூடிக்குள் இருக்கும் குழாய் பழையதைவிட மூன்று சென்டிமீட்டர் குட்டையாக இருந்தது. இங்கே படித்திராவிட்டால் அப்படியே மாட்டியிருப்பேன். சூடும் கூலண்டும் தாங்குகிற ரப்பர் ஹோஸ் ஒரு துண்டு வாங்கி அதன் முனையில் செருகி, அடிக்கு ஒரு விரல் மேலே நிற்குமாறு நீட்டிவிட்டேன். முனையைச் சாய்வாக வெட்டினேன், அடியில் ஒட்டிக்கொண்டாலும் அடைக்காமல் இருக்கட்டும் என்று.

இப்போது ஓட்டிவிட்டு வந்தால் மேல் கோட்டுக்கு ஏறுகிறது, காலையில் கீழ்க் கோட்டுக்கு இறங்கிவிடுகிறது. ரேடியேட்டர் கழுத்து வரை நிறைந்திருக்கிறது. என்ஜின் ஓடும்போது அரை மணி நேரம் டார்ச்சோடு நின்று பார்த்தேன், குமிழி இல்லை.

ஆறியபின்திற:

மிகவும் சந்தோஷம். புது மூடி என்ன எண்? சிலர் 'எதற்கும் இருக்கட்டும்' என்று 1.1 கொடுத்துவிடுவார்கள். அழுத்தம் கூடினால் கொதிநிலை கூடும் என்பது உண்மைதான், ஆனால் முப்பது வருட ரேடியேட்டரும் ஹீட்டரும் அந்தக் கூடுதல் அழுத்தத்தை விரும்பாது.

பழையவண்டிப்பிரியன்:

1.1தான் எடுத்து நீட்டினார்கள். பழைய மூடியைக் கையோடு கொண்டுபோயிருந்தேன், அதைக் காட்டி 0.9 கேட்டு வாங்கினேன்.